ஓர் உருவம் துகள்களாகக் கரைவது எப்படி?

திரையில் ஒரு சிலை நிற்கிறது. அதன் தலையில் தொடங்கிய அரிப்பு மெல்ல இறங்குகிறது. அரித்த இடமெல்லாம் சாம்பலாகிக் காற்றோடு போகிறது. கல் தூளாக மாறியதாகவே பார்ப்பவர் நினைக்கிறார். முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளுக்குள் அப்படி எதுவும் மாறுவதில்லை. சிலையின் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது, அதே நொடியில் அதே இடத்தில் துகள்கள் புதிதாகத் தோன்றுகின்றன. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள். இரண்டும் ஒத்துப்போனால் ஒரே நிகழ்வாகத் தெரியும். ஒத்துப்போகாவிட்டால், கலைந்துகொண்டிருக்கும் சிலைக்குப் பக்கத்தில் யாரோ தூசி தூவியதுபோல இருக்கும்.

இதைச் செய்து பார்க்கும் புதியவர்களில் பலர் துகள்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காற்று, சுழல், ஒளிரும் பொறிகள் என்று வெகுநேரம் செலவழித்த பிறகு, உருவத்தை எப்படி மறைப்பது என்று யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் மறைப்பு, அதைத் தீர்மானிக்கும் எண்ணிலிருந்தே துகள்களின் பிறப்பு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எந்த மென்பொருளில் செய்தாலும் மீதி வேலை பெரும்பாலும் ரசனை சார்ந்ததுதான்.

துகள் அமைப்பு புதிய யோசனை ஒன்றுமல்ல. 1982இல் வெளியான ஓர் அறிவியல் புனைகதைப் படத்தில், ஒரு கோளின் மீது தீச்சுவர் பரவும் காட்சிக்காக லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ் அதை உருவாக்கினார். 1983இல் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். தீ, புகை, மேகம் போன்றவற்றுக்குத் தெளிவான பரப்பு கிடையாது. எனவே அவற்றை ஏராளமான புள்ளிகளின் கூட்டமாக நடத்தலாம் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இடம், ஒரு திசைவேகம், அளவு, நிறம், ஒளிபுகும் தன்மை, ஆயுள் ஆகியவை உண்டு. பிறக்கும், நகரும், ஆயுள் முடிந்ததும் நீக்கப்படும். இன்றைய மென்பொருள்களிலும் துகளின் வாழ்க்கைக் குறிப்பு ஏறக்குறைய இவ்வளவுதான்.

மாஸ்க்: எல்லாவற்றையும் ஆளும் எண்

உருவத்தின் பரப்பில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்தான் ‘இந்த இடம் எப்போது மறைய வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. இந்த எண்களின் தொகுப்பை மாஸ்க் என்று வைத்துக்கொள்வோம். மிக எளிய மாஸ்க் உயரம். 2 மீட்டர் உயரச் சிலையில் பாதத்தின் மதிப்பு 0, உச்சந்தலையின் மதிப்பு 2. இதோடு காலப்போக்கில் குறைந்துகொண்டே வரும் ஓர் எல்லை மதிப்பை ஒப்பிடுகிறோம். மாஸ்க் எல்லையைவிடப் பெரியதாக இருக்கும் இடம் மறைகிறது. எல்லை 2இலிருந்து 0 வரை இறங்கினால் சிலை தலையிலிருந்து கால் வரை மறையும்.

இப்படிச் செய்தால் கத்தியால் சீவியதுபோல நேர்க்கோட்டில் மறையும். அரிப்பு போலத் தெரிய வேண்டுமானால் கோடு கலைய வேண்டும். அதற்குத்தான் நாய்ஸ். கணினியில் ஒழுங்கற்ற எண்களை வாரி இறைப்பது எளிது. அது தொலைக்காட்சியின் புள்ளிமழைபோல் இருக்கும், பயன்படாது. பக்கத்துப் பக்கத்து இடங்களில் நெருங்கிய மதிப்புகளும், தொலைவில் தொடர்பற்ற மதிப்புகளும் வரும்படியான மென்மையான ஒழுங்கின்மையே நமக்கு வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் கென் பெர்லின் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1985இல் வெளியிட்டார். 1997இல் அதற்காக ஆஸ்கார் அகாதமியின் தொழில்நுட்ப விருதையும் பெற்றார். மென்பொருள்களில் நாய்ஸ் என்ற பெயரில் நாம் இழுத்துப் போடும் நோடுகளில் (ஒவ்வொன்றும் ஒரு சிறு கணக்கைச் செய்யும் பெட்டி) பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

ஆக, மாஸ்க் என்பது உயரமும் நாய்ஸும் சேர்ந்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் நாய்ஸ் டெக்ஸ்சர் 0 முதல் 1 வரை மதிப்பு தருகிறது. அதிலிருந்து 0.5ஐக் கழித்து 0.4ஆல் பெருக்கினால் −0.2 முதல் +0.2 வரை கிடைக்கும். அதை உயரத்தோடு கூட்டினால், மறையும் கோடு 20 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் அலையும். இங்கே ஒரு சிறு கணக்கைத் தவறவிடக் கூடாது. மாஸ்க் இப்போது 0 முதல் 2 வரை இல்லை, −0.2 முதல் 2.2 வரை இருக்கிறது. எல்லை மதிப்பும் 2.2இல் தொடங்கி −0.2இல்தான் முடிய வேண்டும். பழைய எண்களையே வைத்திருந்தால் முதல் ஃபிரேமிலேயே தலையில் ஓட்டைகள் தெரியும். கடைசியில் பாதத்தின் சில துணுக்குகள் போகாமல் அப்படியே நிற்கும்.

நாய்ஸின் இரண்டு திருகுகள் முழுக் காட்சியின் குணத்தையும் தீர்மானிக்கின்றன: திட்டுகளின் அளவு, அவற்றின் வலிமை. திட்டு பெரிதாக இருந்தால் உருவம் பாளம் பாளமாகப் பெயரும்; சிறிதாக இருந்தால் பூச்சி அரித்ததுபோல் இருக்கும். பெரிய திட்டு ஒன்றும் சிறிய திட்டு ஒன்றும் கலந்து, சிறியதற்குக் குறைந்த வலிமை கொடுப்பது என் விருப்பம். வலிமையை மிகவும் கூட்டினால், சுற்றிலும் எல்லாம் மறைந்த பிறகும் தோள்பட்டையின் ஒரு துண்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும். மாயக் காட்சிக்கு அது அழகு. மணலாக உதிரும் சிலைக்குப் பொருந்தாது.

உயரம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு புள்ளியிலிருந்து உள்ள தொலைவை மாஸ்க்காக வைத்தால், விரல் தொட்ட இடத்திலிருந்து அழிவு பரவும். கையால் வண்ணம் தீட்டியும் மாஸ்க் அமைக்கலாம். முகம் கடைசியாக மறைய வேண்டும் என்பது போன்ற தேவைகளுக்கு அதுவே நேரான வழி.

மறைப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மெஷின், அதாவது உருவத்தின் பரப்பாக அமைந்த வலையின், முகங்களை நீக்கிவிடுவது. மற்றொன்று, பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷேடரில் அந்த இடத்தை ஒளி ஊடுருவும்படி ஆக்குவது. முதல் முறையில் விளிம்பு முக்கோணம், சதுரமாகப் பற்கள் காட்டும். இரண்டாம் முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகக் கணக்கிடப்படுவதால் விளிம்பு நயமாக வரும். மாஸ்க்கை மெஷின் முனைகளில் சேமித்து ஷேடருக்கு அனுப்புவதாக இருந்தால் மெஷைப் போதிய அளவு நுண்ணியதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் நாய்ஸின் நுணுக்கம் தொலைந்துவிடும்.

உருவத்துக்குள் ஒன்றுமில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முப்பரிமாண உருவம் வெறும் தோல்தான். ஓட்டை விழுந்ததும் எதிர்ச்சுவரின் உட்புறம் தெரியும். தடிமன் கொடுத்தோ, உட்புறத்துக்கு வேறொரு கரிய ஷேடர் கொடுத்தோ அதைச் சமாளிக்கலாம். அடுக்கடுக்கான ஆடை, முடி உள்ள உருவமாக இருந்தால் பிளெண்டரில் இறுதிப் படத்தைக் கணக்கிடும் சைக்கிள்ஸில் ஒரு சிக்கல் வரும். ஓர் ஒளிக்கதிர் எத்தனை ஊடுருவும் அடுக்குகளைக் கடக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இயல்பு மதிப்பு 8. அதைத் தாண்டினால் அந்த இடம் கறுப்பாகிவிடும். காரணமில்லாமல் கரும் திட்டுகள் தெரிந்தால் முதலில் அந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள்.

துகள்கள் எங்கே, எப்போது பிறக்கின்றன?

பெரும்பாலான பயிற்சிக் காணொளிகளில் சொல்லப்படும் வழி இது: மாஸ்க் எல்லை மதிப்புக்கு அருகில் இருக்கும் மெல்லிய பட்டையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மட்டும் துகள்களை உமிழ்வது. வழி சரியானதே. பட்டை எவ்வளவு அகலம் என்பதில்தான் சறுக்கல் நேர்கிறது. மேலே சொன்ன சிலையில் எல்லை மொத்தம் 2.4 மீட்டர் நகர்கிறது. காட்சி 3 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 72 ஃபிரேம்கள். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 3.3 சென்டிமீட்டர். நேர்த்தியாக இருக்கட்டும் என்று பட்டையை 1 சென்டிமீட்டராக வைத்தால், பரப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஒரு துகளைக்கூட உமிழாமல் மறைந்துபோகும். காற்றில் வரிவரியாக இடைவெளி தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிடச் சுத்தமான வழி ஒன்று உண்டு. துகள்களை முதலிலேயே பரப்பு முழுவதும் தூவி உட்கார வைத்துவிடுவது. ஒவ்வொரு துகளும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மாஸ்க் மதிப்பைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எல்லை அதைக் கடக்கும் வரை அசையாமல், ரெண்டரில், அதாவது இறுதிப் படத்தில், தெரியாமல் காத்திருக்கிறது, கடந்ததும் விடுதலை. ஒரு துகளும் தவறாது, ஒரு துகளும் இரண்டு முறை பிறக்காது. மொத்த எண்ணிக்கையும் முன்கூட்டியே நம் கையில் இருக்கும்.

எத்தனை துகள்கள் வேண்டும் என்பது புதியவர்கள் தடுமாறும் இன்னோர் இடம். பிளெண்டரின் பழைய துகள் அமைப்பு 1000 துகள்களோடு தொடங்கும். ஆள் உயர உருவத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. ஒரு மனித உடலின் பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் துகள்களை நெருக்கி அடுக்கி அதை மூட வேண்டுமானால் 4,50,000 துகள்கள் வேண்டும். துகளின் அளவை 1 மில்லிமீட்டராகப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்காகி 18 லட்சத்தைத் தொடும். போதாத எண்ணிக்கையை ஈடுகட்டத் துகளைப் பெரிதாக்குவதுதான் பலரும் செய்வது. விளைவு, சாம்பலுக்குப் பதிலாகப் பாசிமணிகள் பறக்கும். சோதிக்கும்போது பத்தில் ஒரு பங்கு துகள்களோடு அசைவை மட்டும் பாருங்கள். அசைவு பிடித்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துகள், பிறந்த இடத்தின் நிறத்தோடு புறப்பட வேண்டும். சிவப்பு ஆடையிலிருந்து சாம்பல் நிறத் தூள் கிளம்பினால் ஏமாற்று வேலை உடனே தெரிந்துவிடும். ஆயுளில் சிறிது தூரம் போன பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறட்டும். விளிம்பில் ஆரஞ்சு நிறத் தணல் ஒளிர வைப்பது இப்போது எல்லோரும் செய்வது. எரிகிற பொருளுக்கு அது நியாயம். பனிக்கட்டிக்கும் கண்ணாடிக்கும் அதையே போடுவதை நான் ரசிப்பதில்லை.

காற்றுக்கு முன்பு ஒரு தயக்கம்

விடுதலையான துகளுக்கு இனி விசைகள் வேண்டும். எந்த விசை, எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. ஈர்ப்பு விசையை மட்டும் வைத்தால், தடையே இல்லாத துகள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். குண்டூசி மழைபோல இருக்கும். உண்மையில் நுண்தூளைக் காற்று தாங்கிப் பிடிக்கிறது. சாம்பலுக்குக் காற்றின் தடையை அதிகமாகவும் ஈர்ப்பைச் சொற்பமாகவும் வையுங்கள். மணலுக்கு ஈர்ப்பு முழுமையாகவும் தடை குறைவாகவும் இருக்கட்டும். எல்லாத் துகளுக்கும் ஒரே எடை வேண்டாம். சிறியது நெடுநேரம் மிதக்க, பெரியது சீக்கிரம் விழுந்தால் கூட்டம் தானாகவே விரிந்து பரவும். உருவத்தின் அளவும் முக்கியம். 2 மீட்டராக இருக்க வேண்டிய சிலையை 20 மீட்டராக வடித்துவிட்டால், ஈர்ப்பு விசை சரியாக இருந்தும் எல்லாம் சோம்பலாக விழுவதுபோல் தெரியும்.

வெறும் காற்று துகள்களை அணிவகுப்பாக ஒரே திசையில் கொண்டுபோகும். அதில் சுழிப்பைச் சேர்க்கக் கொந்தளிப்பு விசை உண்டு. சாதாரண நாய்ஸை விசையாக்கினால் துகள்கள் சில இடங்களில் குவிந்து, சில இடங்களில் வெறுமை விழும். இதைத் தவிர்க்கவே கர்ல் நாய்ஸ். 2007இல் ராபர்ட் பிரிட்சனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை இது. உள்ளே வருவதும் வெளியே போவதும் எங்கும் சமமாக இருக்கும்படி அமைந்த திசைவேகப் புலம் அது. எனவே துகள்கள் ஓரிடத்தில் போய் அடையாமல், புகையைப்போலச் சுருண்டு சுருண்டு போகின்றன. முழுத் திரவச் சிமுலேஷன் (திரவத்தின் இயக்கத்தைப் படிப்படியாகக் கணக்கிடுவது) செய்யாமலேயே அந்தத் தோற்றம் கிடைத்துவிடுவதுதான் அதன் பெருமை. ஹூடினி என்ற மென்பொருளில் இதற்குத் தயாரான வசதி உள்ளது. மற்ற மென்பொருள்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் கிடைக்கிறது.

இந்தக் காட்சியின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் விசைகளைச் சுட்ட மாட்டேன். விசை தொடங்கும் நேரத்தைத்தான் சுட்டுவேன். விடுதலையான கணத்திலேயே காற்று முழு வலிமையோடு அடித்தால் துகள்கள் வெடித்துச் சிதறுவதுபோல் இருக்கும். அவை எந்த உருவத்திலிருந்து வந்தன என்பதைக் கண் பதிவு செய்வதற்குள் எல்லாம் போய்விடும். மாறாக, துகள் பிறந்த முதல் அரை விநாடிக்கு விசை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்து பிறகு படிப்படியாக ஏறட்டும். துகளின் வயதை விசையோடு பெருக்கினாலே போதும். அப்போது பரப்பு மறைந்த பிறகும் ஒரு கணம் மூக்கும் தோளும் தூளாலேயே ஆனவையாக அதே இடத்தில் நிற்கும். அதன்பின் காற்று அவற்றைக் கலைக்கும். பார்ப்பவர் ‘கல் தூளாகிவிட்டது’ என்று நம்புவது அந்த ஒரு கணத்தில்தான். இதைச் செய்ய ஒரே ஒரு பெருக்கல் நோடு போதும், செலவே இல்லை.

ஆயுள் முடியும் துகள் சட்டென்று காணாமல் போகக் கூடாது. ஆயுளின் கடைசிப் பங்கில் அளவு சுருங்கிக்கொண்டே போய் மறையட்டும். ஆயுள் எல்லாத் துகளுக்கும் ஒன்றாக இருந்தால் அவை பிறந்த வரிசையிலேயே வரிவரியாக அணையும். ஒவ்வொன்றுக்கும் சற்று வேறுபட்ட ஆயுள் கொடுங்கள்.

பிளெண்டரில் ஒரு பாதை

இலவசமாகக் கிடைப்பதால் பிளெண்டரை எடுத்துக்கொள்கிறேன். 2021இல் உருவங்களை நோடுகளால் கட்டியமைக்கும் ஜியாமெட்ரி நோட்ஸ் வந்தது, 2023இல் 3.6 பதிப்போடு சிமுலேஷன் ஸோன் சேர்ந்தது. ஒரு ஃபிரேமின் விளைவை அடுத்த ஃபிரேமுக்குக் கடத்துவது அதன் வேலை. துகள் அமைப்புக்கு வேண்டிய நினைவாற்றல் அதுதான். அசையாத ஒரு பொருளோடு தொடங்குங்கள்.

முதலில் பொருளின் நிலையிலிருந்து உயரத்தைப் பிரித்தெடுத்து நாய்ஸைக் கூட்டி, மாஸ்க்கை ஸ்டோர் நேம்டு அட்ரிபியூட் நோடு மூலம் மெஷில் சேமிக்கவும். அதிலிருந்து எல்லை மதிப்பைக் கழித்து இன்னொரு பண்பாகவும் சேமித்துக்கொண்டால் ஷேடரின் வேலை எளிதாகிவிடும்: எண் பூஜ்யத்தைவிடப் பெரியதா, அங்கே ஊடுருவும் ஷேடர், இல்லையா, வழக்கமான ஷேடர். கீஃபிரேம் (எந்த ஃபிரேமில் எந்த மதிப்பு என்ற குறிப்பு) போட வேண்டியது எல்லை மதிப்பு ஒன்றுக்கு மட்டுமே.

அடுத்து, அதே மெஷிலிருந்து டிஸ்ட்ரிபியூட் பாயிண்ட்ஸ் ஆன் ஃபேசஸ் நோடு மூலம் புள்ளிகளைத் தூவவும். மெஷில் சேமித்த மாஸ்க் புள்ளிகளுக்கும் தானாக வந்துசேரும். புள்ளிகளைச் சிமுலேஷன் ஸோனுக்குள் அனுப்பவும். உள்ளே நடக்க வேண்டியது சுருக்கமானது. மாஸ்க் எல்லையைத் தாண்டிய புள்ளிகளுக்கு மட்டும் வயது கூடுகிறது. வயதால் பெருக்கிய காற்றும் கொந்தளிப்பும் திசைவேகத்தில் சேர்கின்றன. திசைவேகத்தை ஃபிரேமின் கால அளவால் பெருக்கிப் புள்ளியை நகர்த்துகிறோம். ஆயுளைக் கடந்தவற்றை நீக்குகிறோம். ஸோனுக்கு வெளியே வந்ததும், வயது இன்னும் பூஜ்யமாக இருக்கும் புள்ளிகளை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு ஆரம் கொடுத்தால் சைக்கிள்ஸ் அவற்றைச் சிறு கோளங்களாக ரெண்டர் செய்யும். கடைசியாக மெஷையும் புள்ளிகளையும் சேர்த்து வெளியே அனுப்பவும்.

சிமுலேஷன் படிப்படியாகக் கணக்கிடப்படுவது என்பதால் காலக்கோட்டில் நடுவே குதித்துப் பார்த்தால் தப்பும் தவறுமாகத் தெரியலாம். முதல் ஃபிரேமிலிருந்து ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமின் விளைவையும் வட்டில் சேமித்து, அதாவது கேஷ் செய்த பிறகே ரெண்டருக்கு அனுப்புங்கள். வட்டில் இடமும் தேவை. ஒரு துகளுக்கு இடம், திசைவேகம், நிறம், வயது, ஆயுள், அளவு என்று 12 எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் 48 பைட். பத்து லட்சம் துகள்களுக்கு ஒரு ஃபிரேம் 48 மெகாபைட், 100 ஃபிரேம் 4.8 கிகாபைட். திசைவேகத்தைச் சேமிப்பது வீணல்ல. மோஷன் பிளருக்கு, அதாவது வேகமாக நகர்வது மங்கலாகத் தெரிவதற்கு, அது வேண்டும். மோஷன் பிளர் இல்லாத வேகமான துகள்கள் திரையில் மினுமினுத்து நடுங்கும்.

நடக்கும், ஓடும் பாத்திரம் என்றால் கூடுதலாக இரண்டு விஷயங்கள். நாய்ஸை அசையும் நிலையிலிருந்து கணக்கிட்டால், பாத்திரம் அதன் வழியே நடந்து போக, ஓட்டைகள் தோலின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அசைவு தொடங்கும் முன்புள்ள ஓய்வு நிலையிலிருந்து கணக்கிட்டுச் சேமித்துக்கொண்டால் அவை ஒட்டி நிற்கும். விடுதலைக்குக் காத்திருக்கும் துகள்களும் தோலோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். புறப்படும்போது தோலின் திசைவேகத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஹூடினி இந்த இடத்தில் மிகவும் வசதியானது, கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும் என்றாலும். மாயாவின் என்பார்ட்டிகிள்ஸ், 3டிஎஸ் மேக்ஸின் டைஃப்ளோ ஆகியவற்றிலும் இதே தர்க்கம்தான். பொத்தான்களின் பெயர்கள் மாறும்.

தலைகீழ்க் காட்சி, அதாவது காற்றிலிருந்து தூள் வந்து சேர்ந்து உருவமாவது, தனியாகக் கற்க வேண்டிய ஒன்றல்ல. கேஷ் செய்த ஃபிரேம்களைக் கடைசியிலிருந்து முதலாகப் படித்தால் துகள்கள் தத்தம் இருக்கைக்குத் திரும்பிவிடும். மெஷின் மாஸ்க்கையும் அதே கால வரிசையில் திருப்ப வேண்டும். ஈர்ப்பு விசை வலுவாக இருந்த காட்சியைத் திருப்பினால் மணல் தரையிலிருந்து துள்ளி எழும். பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். காற்றில் மிதந்த சாம்பலைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது. ஆகவே உருவம் கூடும் காட்சிதான் இலக்கு என்றால் தொடக்கத்திலேயே ஈர்ப்பைக் குறைத்து, காற்றின் தடையைக் கூட்டிவைத்துச் சிமுலேஷன் செய்யுங்கள்.